இந்த வாரம் வீட்டில் சுழன்ற தட்டுகள்



"இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று சபையாரில் எவரைக் கேட்டாலும் தயக்கமின்றிப் பதில் வருகிறது. "வீட்டில் என்ன கேட்கிறீர்கள்?" என்று கேட்டாலோ, பதிலுக்கு முன்னால் ஒரு சிறு மௌனம் வருகிறது. போதகர் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தவுடன் ரெக்கார்டு பிளேயரின் ஊசி அவசரமாகத் தூக்கப்படுவதும், சுழன்றுகொண்டிருந்த தட்டு உறைக்குள் ஒளிந்துகொள்வதும், அதன் இடத்தில் ஒரு கீர்த்தனைத் தட்டு வந்து அமர்வதும் நம்மிடையே நடக்காத காரியங்கள் அல்ல. (அவசரத்தில் தூக்கப்படும் ஊசி தட்டைக் கீறிவிடும். என் முதல் வருத்தம் அதைப் பற்றியதுதான்.)

ஆகவே உங்களைக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எங்கள் வீட்டில் சுழன்ற தட்டுகள் மூன்று: ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்', அரீதா ஃபிராங்க்ளினின் 'அமேசிங் கிரேஸ்', இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. இவற்றுள் ஒன்றே ஆலயத்தில் பதிவானது. மூன்றும் எங்கள் அலமாரியில் ஒரே அடுக்கில் அடுத்தடுத்து நிற்கின்றன. யார் வந்தாலும் அவை இடம் மாறுவதில்லை.

வீட்டில் கேட்பதை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் தட்டுகளைப் பற்றிப் பேசுவோம். அதுவே எனக்கும் பிடித்த பகுதி.

நம் பாட்டனார் காலத்துத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்தே உலகத்துக்குப் போயிற்று. மரக்கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, உருக்கி, வடித்து அனுப்பினார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அந்தத் தட்டில் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும். மகேலியா ஜாக்சனுக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' 1947-இல் பதிவானபோது, அந்த ஒரே பாட்டை இரண்டாக உடைத்து, பாதியை ஒரு பக்கத்திலும் மீதியை மறுபக்கத்திலும் வைக்க நேர்ந்தது. கேட்பவர் பாட்டின் நடுவே எழுந்து போய்த் தட்டைத் திருப்பவேண்டும். அடுத்த ஆண்டே, 1948-இல், கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கும் மேல். ஓர் இசைக்கலைஞர் முதன்முறையாக நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நீண்ட நேரம் பேச முடிந்தது என்று இதைச் சொல்லலாம்.

நீண்ட நேரம் என்பதுதான் இங்கே முக்கியம். நெடுந்தட்டில் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போவது சிரமம். எழுந்து சென்று, ஊசியைத் தூக்கி, பாட்டுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வெறும் வளையத்தைக் கண்ணால் தேடிப் பிடித்து இறக்கவேண்டும். எனவே பெரும்பாலோர் தாண்டுவதில்லை. பிடித்த பாட்டுக்கு முன்னால் இருக்கும் பிடிக்காத பாட்டையும் பொறுத்திருந்து கேட்கிறோம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், பிடிக்காதிருந்ததே நெஞ்சில் நிலைத்திருக்கும்.

கோல்ட்ரேனின் தட்டை இப்படித்தான் கேட்கவேண்டும். அது 1964 டிசம்பர் 9 அன்று, நியூஜெர்சி மாநிலத்தில் ரூடி வேன் கெல்டர் என்பவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில், நால்வர் சேர்ந்து வாசித்துப் பதிவாகி, 1965-இல் வெளிவந்தது. மொத்தம் ஏறத்தாழ 33 நிமிடங்கள், நான்கு பகுதிகள், பக்கத்துக்கு இரண்டு. கோல்ட்ரேனின் தாய்வழி, தந்தைவழிப் பாட்டனார் இருவரும் சபை ஊழியர்கள். ஆனால் அவரோ இளமையில் போதைப்பொருளுக்கு அடிமையாகி, அதன் காரணமாகவே 1957-இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் தம் இடத்தை இழந்தவர். அந்த ஆண்டே அவர் அப்பழக்கத்தை விட்டொழித்தார். இந்தத் தட்டின் உறையில் கேட்பவரை நோக்கி அவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். 1957-இல் தேவனுடைய கிருபையால் தமக்கு ஓர் ஆவிக்குரிய விழிப்பு உண்டாயிற்று என்றும், இந்த இசை அதற்கான தம்முடைய நன்றிக் காணிக்கை என்றும் அதில் சொல்கிறார்.

அவருடைய இறைநம்பிக்கையை நம் விசுவாசப் பிரமாணத்துக்குள் முழுவதும் அடக்கிவிட முடியாது. பிற்காலத்தில் அவர் பல சமயங்களின் வழியாகவும் தேடிக்கொண்டே சென்றார். இருப்பினும், இரண்டாம் பக்கத்தின் இறுதியில் வரும் 'சங்கீதம்' என்ற பகுதியை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். பாடகர் எவரும் அதில் இல்லை. ஆனால் உறையில் அச்சாகியிருக்கும் அவருடைய ஜெபக்கவிதையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால், சாக்ஸபோன் அந்தக் கவிதையின் சொற்களை அசை அசையாக வாசித்துச் செல்வது புரியும். வாயைத் திறவாமல் ஒரு மனிதன் ஜெபிக்கிறான். நாம் ஆலயத்தில் எத்தனையோ ஜெபங்களை வாயினால் சொல்லிவிட்டு, சொன்னதைக் கவனியாமலே அமர்ந்துவிடுகிறோம். இந்தத் தட்டை வைத்திருந்த ஒருவர் அதைப் போதகரிடம் காட்ட வெட்கப்பட்டால், வெட்கம் இடம் மாறி வந்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

இனி அரீதாவின் தட்டு. இதைப்பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், கறுப்பின மக்களின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயம். அரீதாவுக்கு அப்போது வயது 29. உலகப் பாட்டுகளில் அவர் புகழின் உச்சியில் இருந்த நேரம். நகரின் மிகச் சிறந்த ஒலிப்பதிவுக் கூடம் கேட்டாலும் கிடைத்திருக்கும். அவரோ ஆலயத்தையே தேர்ந்தெடுத்தார், ஜனங்கள் கூடியிருக்கையில் பாடவேண்டும் என்றார். போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் வழிநடத்த, சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி பாடகர் குழு பின்னால் நின்றது. இரண்டு தட்டுகளாக வெளிவந்த அந்தப் பதிவில் ஜனங்களின் கைதட்டலும், அழுகையும், நடுவே எழும் ஆமென்களும் அப்படியே இருக்கின்றன.

அதில் தலைப்புப் பாட்டு மட்டும் பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அதை எழுதிய ஜான் நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்தவர். பின்பு மனந்திரும்பி ஊழியராகி, இங்கிலாந்தின் ஓல்னி என்ற சிற்றூரில் 1773-ஆம் ஆண்டின் புத்தாண்டு ஆராதனைக்காக அப்பாடலை அமைத்தார். 1788-இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஒரு நூலும் எழுதினார். இருநூறு ஆண்டுகள் கழித்து, அப்படிப்பட்ட கப்பல்களின் அடித்தளத்தில் சங்கிலியோடு கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்த ஒரு பெண், அடிமைகளை ஏற்றிச்சென்றவன் எழுதிய பாட்டை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் நீட்டி, வளைத்து, தனக்குச் சொந்தமாக்கிக்கொள்கிறாள். மன்னிப்பைக் குறித்து நான் செய்த பிரசங்கங்கள் அனைத்தையும் அந்தப் பத்து நிமிடங்களோடு ஒப்பிட நான் விரும்பவில்லை.

ஆயினும் இன்று நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது அதே தட்டிலுள்ள வேறொரு பாட்டை. 'பிரஷஸ் லார்ட்' என்ற நற்செய்திப் பாடலை அரீதா பாடிக்கொண்டே, கரோல் கிங் எழுதிய 'யூ'வ் காட் எ ஃபிரெண்ட்' என்ற அக்காலத்து வானொலிப் பாட்டை அதனோடு பின்னிவிடுகிறார். எது ஆலயப் பாட்டு, எது உலகப் பாட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆலயத்தில் அமர்ந்திருந்த ஜனங்கள் அதைத் தடுக்கவில்லை, ஆமென் என்றார்கள். இரண்டாம் இரவில் அரீதாவின் தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் எழுந்து பேசினார். அவர் டெட்ராயிட் நகரில் பெயர்பெற்ற போதகர், அவருடைய பிரசங்கங்களே தட்டுகளாக விற்றவை. தம் மகள் சபையை விட்டு ஒருநாளும் போனதில்லை என்று அவர் அன்று சொன்னார். அந்தப் பேச்சும் தட்டில் இருக்கிறது. மகள் சபைக்குத் 'திரும்பி வந்தாள்' என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தகப்பன் அப்படிச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த 'பிரஷஸ் லார்ட்' பாடலின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. அதை எழுதியவர் தாமஸ் டார்சி. 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில், மதுக்கடைகளில் பாடப்பட்ட புளூஸ் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவர். 1932-இல் அவர் வெளியூரில் இருந்தபோது, மனைவி பிரசவத்தில் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. வீடு வந்து சேர்ந்தபின் குழந்தையும் இறந்தது. அந்தத் துக்கத்திலிருந்து பிறந்த பாட்டு அது. புளூஸின் தாளமும் நெளிவும் ஆலயத்துக்கு ஆகாது என்று பல சபைகள் டார்சியை ஏற்க மறுத்தன. இன்று அவரை நற்செய்தி இசையின் தந்தை என்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மகேலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாட்டை. மகேலியா 1972 ஜனவரி இறுதியில் மறைந்தபோது, சிகாகோவில் அவருடைய அடக்க ஆராதனையில் அரீதா பாடியதும் அதையே. வாட்ஸ் ஆலயத்துப் பதிவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இளையராஜாவின் தட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 1986-இல் வெளிவந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முன்னின்று பேசுகிறது. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்ற பொருளில் அதிலுள்ள ஓர் உருப்படிக்குப் பெயர். லைப்சிக் நகரத்து ஆலயங்களுக்கு இசை அமைப்பதற்காக 1723 முதல் தம் இறுதிக்காலம் வரை சம்பளம் வாங்கி உழைத்தவர் பாக். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, ராகங்களோடு உரையாடச் செய்தார். கேட்பதைப் பகிர்ந்துகொள்வது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

இனி காரணத்துக்கு வருகிறேன்.

நம் சபையின் மூத்தவர் ஒருவர் (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்) மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மாலையும் அவர் ஒரே தட்டைக் கேட்கிறார். அது ஒரு பழைய திரைப்படத்தின் பாட்டுத்தட்டு, மணமான முதல் வருடத்தில் அந்த அம்மா தாம் சேர்த்த காசில் வாங்கியது. இந்தச் செய்தியை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆறுதல் சொல்ல நாம் போனபோதெல்லாம் தட்டு உறைக்குள் இருந்தது, நாமும் வேத வசனங்களைச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் எதைக் கொண்டு துக்கத்தைச் சுமக்கிறார் என்பதை நாம் அறியவேயில்லை. அண்மையில் அவரே அதைச் சொன்னபோது, "இது பாவமா ஐயா?" என்றுதான் தொடங்கினார். நான் பதில் சொல்வதற்குப் பதிலாக, "போடுங்கள், கேட்போம்" என்றேன். ஒரு பக்கம் முழுவதும் கேட்டோம். அதன் பிறகுதான் அவர் அந்த அம்மாவைப் பற்றிப் பேசினார், ஒரு மணி நேரம் பேசினார்.

ஒரு சபையில் மனிதர்கள் தங்கள் ஆறுதலை ஒளித்துவைக்க வேண்டியிருந்தால், அவர்களுடைய துக்கமும் சேர்ந்தே ஒளிந்துகொள்கிறது. வீட்டில் சுழலும் தட்டைச் சொல்லுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

எல்லாத் தட்டும் நல்ல தட்டு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களை இழிவாகப் பேசும் பாட்டுகள் உண்டு, சாதிப் பெருமையை ஊட்டும் பாட்டுகள் உண்டு. அவற்றை எங்கள் வீட்டில் போடமாட்டோம், காரணத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். ஆராய்ந்து பார்ப்பது வேண்டும். ஆனால் ஒளித்துவைத்திருப்பதை எப்படி ஆராய்வது? ஆலயப் பாட்டு என்று உறையில் அச்சடித்திருப்பதாலேயே உள்ளே இருப்பது நல்லதாகிவிடுவதும் இல்லை. சோம்பலாகப் பாடி, அவசரமாகப் பதிந்து, கர்த்தரின் பெயரை ஒட்டி விற்ற தட்டுகளும் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நான் எடுப்பதே இல்லை.

தாவீது சவுலுக்கு முன்பாகச் சுரமண்டலம் வாசித்தபோது என்ன பாட்டை வாசித்தான் என்று வேதம் சொல்லவில்லை. சவுலுக்கு ஆறுதல் உண்டாயிற்று என்றே சொல்கிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினதைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா மறவாமல் எழுதியிருப்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவர்கள் யார், எதை நம்பினவர்கள் என்பது தெரியாது. கேட்டார்கள், அவ்வளவே.

பகிர்ந்துகொள்வதில் வேறொரு சறுக்கலும் உண்டு. வினைல் தட்டுகள் மீண்டும் மோஸ்தராகிவிட்ட இந்நாட்களில், கேட்டதைச் சொல்வதும் வைத்திருப்பதைக் காட்டுவதும் ஒன்றாகிவிட்டன. கோல்ட்ரேனின் பழைய பதிப்புகளில், ஊசி ஓடி முடியும் வழுவழுப்பான வளையத்தில் வேன் கெல்டரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே பெரும் விலை கொடுப்பவர்கள் உண்டு. கொடுக்கட்டும், அது அவர்கள் பணம். ஆனால் சபைக் கூடுகையில் அந்தப் பொறிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பழைய இரும்புக்கடையிலிருந்து பத்து ரூபாய்க்குத் தட்டு வாங்கி வந்த தம்பி வாயை மூடிக்கொள்வான். அவன் அந்தத் தட்டில் கேட்டது நமக்குக் கிடைக்காமல் போகும். எந்தப் பதிப்பு, என்ன விலை, எந்த நிறுவனத்தின் பிளேயர் என்பவற்றை வெளியே விட்டுவிட்டு, எந்த இடத்தில் உங்கள் கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது என்று மட்டும் சொல்லுங்கள். பிளேயர் இல்லாதவர்கள் கைப்பேசியில் கேட்டதைச் சொன்னாலும் சரி.

கைப்பேசியில் கேட்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாளாவது காதுக்கருவிகளைக் கழற்றி வையுங்கள். ஒரே வீட்டில் நால்வர் நான்கு வெவ்வேறு பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே மேசையில் உண்பதை நான் காண்கிறேன். சச்சரவு இல்லை என்பது மெய்தான். ஆனால் கூடத்தில் தட்டு சுழலும் வீட்டில் மகளின் தெரிவை அப்பாவும், அப்பாவின் தெரிவை மகளும் இருபது நிமிடங்களாவது சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் கோல்ட்ரேனுக்கு இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. இரண்டாம் பக்கம் தொடங்கியவுடன் ஒருவருக்கு அடுக்களையில் வேலை வந்துவிடுகிறது.

வருகிற ஞாயிறு மாலை ஆராதனைக்குப் பின்பு, டியூக் எலிங்டனும் மகேலியா ஜாக்சனும் சேர்ந்து 1958-இல் வெளியிட்ட 'பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்' தட்டைப் போடலாம் என்றிருக்கிறேன். கேளிக்கை விடுதிகளில் பாடமாட்டேன் என்று உறுதியாயிருந்த மகேலியா, அத்தகைய விடுதிகளிலேயே புகழடைந்த எலிங்டனின் குழுவோடு நின்று 23-ஆம் சங்கீதத்தைப் பாடியிருக்கிறார். இடம் போதகர் இல்லம். உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தட்டைக் கொண்டுவாருங்கள். வெயிலில் வைத்துவிடாமல் எடுத்து வாருங்கள், வளைந்துவிடும். தூசு துடைக்கும் துணி எங்களிடம் இருக்கிறது.